பேரிங் சராசரி பார்க்காது

பேரிங் சாக வேண்டும். அப்போதுதான் கோமளா வீட்டுக்குப் போக முடியும்.

ஒப்பந்தத்தில் இவ்வளவு பச்சையாக எழுதவில்லை. நிலவின் தென்முனைப் பள்ளத்தில் பனி வெட்டுவதற்கு இருந்தது ஒரே இயந்திரம். நீண்ட கை, கையின் நுனியில் வாளிச் சக்கரம், சக்கரத்தை ஒட்டி ஓட்டுநர் அறை. இந்த மேல்பாதி முழுவதும் ஒரே ஒரு பேரிங்கின் மேல் சுழன்றது. கல்யாண வாசலில் போடும் கோலம் அளவுக்கு வட்டம். அது தேய்ந்து நின்றால் புதியது பூமியிலிருந்து வர வேண்டும். அதைத் தூக்கி வரும் கலம் மட்டுமே ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பக்கூடிய கலம். சோறும் மருந்தும் கொண்டு வரும் சின்னக் கூண்டுகள் இறங்கும். ஏறாது.

பேரிங் ஓடும் வரை வேலை. நின்றால் வீடு.

"மூணு வருஷம்" என்றார்கள் ஆள் எடுக்க வந்தவர்கள். பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரில் வாளிச் சக்கரம் ஓட்டிப் பழகியவர்களைத் தேடித்தான் வந்திருந்தார்கள். கோமளாவுக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். குணாளன் வடலூரில் டவுன் பஸ் ஓட்டினான். "போயிட்டு வா. மூணு வருஷத்துல நான் என்னா கிழவனாவா ஆயிடப் போறேன்" என்றான்.

இப்போது ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

"போச்சா?" என்று திரையில் கேட்டான் குணாளன்.

கேள்வி வந்து சேரவும் பதில் போய்ச் சேரவும் நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் முகத்தைச் சரிசெய்துகொள்ள அவள் கற்றிருந்தாள்.

"இல்லைங்க. நல்லா ஓடுது."

"நாசமாப் போவ."

"அப்படிச் சொல்லாதீங்க. அதுலதான் உக்காந்திருக்கேன்."

அவன் சிரிப்பு தாமதமாக வந்தது. "டீக்கடையில கேக்குறானுங்க. பண்ருட்டியில செய்வினை வைக்கிற ஆள் இருக்காராம். பேரிங் போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லு, மீதிய அவரு பாத்துக்குவாருன்னு."

"அவருக்கு எந்தப் பக்கம் பாத்து மந்திரிக்கணும்னு தெரியுமா?"

"அமாவாசைன்னா என்னா பண்றதுன்னுதான் யோசிக்கிறாராம்." பிறகு, "என்னா சாப்ட?"

"சாம்பார்னு பாக்கெட்டுல போட்டிருந்திச்சி."

ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அவன் ஒன்று கேட்பான். வந்ததும் முதலில் என்ன வேண்டும்? மீன் குழம்பு என்றிருக்கிறாள். மழை என்றிருக்கிறாள். அன்றும் கேட்டான்.

"உங்க கை" என்றாள்.

"கையா?"

"தூங்கும்போது மேல போடுவீங்கல்ல. அந்த வெயிட்டு."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு, "மூச்சு முட்டுதுன்னு தள்ளி வுடுவ" என்றான்.

"இப்ப தள்ள மாட்டேன்."

நிலவில் எதற்கும் எடை போதவில்லை. அதுதான் சிக்கல்.

"பாரம் இருந்தாத்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கும்" என்றார் பூமியிலிருந்து டாக்டர் ரெஜினா. "அங்க உங்க உடம்பு ஆறுல ஒரு பங்கு எடைதான். பாரமே இல்லையே, எதுக்கு இவ்வளவு எலும்புன்னு உடம்பு கரைச்சிடுது. பட்டை போட்டுக்கிறீங்களா?"

தோளையும் இடுப்பையும் பாதத்தோடு இழுத்துக் கட்டும் ரப்பர்ப் பட்டை. தூங்கும்போதும் போட்டிருந்தாள்.

"போட்டுக்கிறேன் டாக்டர்."

"தெரியுது. இல்லேன்னா இன்னும் இறங்கியிருக்கும். ஆனா ஒரு கோடு இருக்கு கோமளா. அதுக்குக் கீழ போயிட்டா, தரையிறங்குற அதிர்ச்சியையே உங்க முதுகு தாங்காது. நான் கையெழுத்துப் போட முடியாது."

"எவ்வளவு இருக்கு?"

"இதே மாதிரி போனா, ஒரு வருஷம். கொஞ்சம் கூட இருக்கலாம். அந்த பேரிங் எப்ப போகும்?"

கோமளா சிரித்தாள். டாக்டரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கோட்டுக்குக் கீழே போனவர் ஒருவர் அவள் பக்கத்து அறையில் இருந்தார். கலியமூர்த்தி, இன்னொரு ஷிப்ட் ஓட்டுபவர். ஐம்பத்தைந்து வயது. மந்தாரக்குப்பத்துக்காரர். முதல் இயந்திரத்தோடும் முதல் பேரிங்கோடும் வந்தவர். அந்த பேரிங்குக்கும் மூன்று வருடம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது பதினோரு வருடம் ஓடியது. கோமளாவைக் கொண்டு வந்த கலத்தில் அவருடைய கூட்டாளி திரும்பிப் போனார். கலியமூர்த்திக்கு டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வரும். பேச்சு எப்போதோ தீர்ந்துவிட்டது. அவர் மனைவி அஞ்சலாட்சி போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பாள். கடுகு வெடிக்கும். கரண்டி தட்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கோமளா வந்த புதிதில் ஒருமுறை கேட்டாள். "பொய் சொல்லித்தானே அனுப்பினாங்கண்ணே?"

"பொய்யில்ல. நூறு பேரிங்க ஓட்டிப் பாத்தா மூணு வருஷத்தைத் தொண்ணூறு தாண்டிடும். பத்து அதுக்குள்ள போயிடும். அதத்தான் ஆயுள்னு போடுறான். மெஷின் வச்சிருக்கவனுக்கு அது பயப்பட வேண்டிய நாளு. நாம அதையே நல்ல நாளுன்னு குறிச்சிட்டு வந்துட்டோம்."

அது அவள் பாலிடெக்னிக்கில் படித்த பாடம். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். குணாளனிடம் மூன்று வருடம் என்று சொன்ன அன்று மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு பாடமும் அவளுக்குத் தெரியும். சுமையும் ஆயுளும் ஒரே படியில் ஏறி இறங்குவதில்லை. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். இரண்டு மடங்கு வேண்டாம். கால்வாசி கூட்டினாலே ஏறக்குறைய பாதி ஆயுள் போய்விடும்.

பேரிங்கை அப்படிக் கொல்வது எளிது. சக்கரத்தை மேலோட்டமாக வைத்து வேகமாகச் சீவினாலும், ஆழமாகப் புதைத்து மெல்ல நகர்த்தினாலும் ஒரு ஷிப்டில் வருவது அதே டன்தான். இரண்டும் அனுமதித்த எல்லைக்குள்தான். கம்பெனி டன்னைப் பார்த்தது. வித்தியாசம் பேரிங்குக்கு மட்டும் தெரியும்: ஆழத்தில் சுமை அதிகம்.

ஆனால் ஓட்டுநர் அறை கையின் நுனியில் இருந்தது. சுமையோடு சுழலும்போது பேரிங் உடைந்தால் கை விழும். நிலவில் மெதுவாக விழும். ஆனாலும் விழும். இவள் அழுத்தி ஓட்டிய பாவம் அண்ணன் இருக்கையில் இருக்கும்போது அவர் தலையில் விடிந்தால்?

கோமளா மேலோட்டமாகவே சீவினாள். ஒவ்வொரு ஷிப்ட் முடிந்து இறங்கும்போதும் வீடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

ஷிப்ட் மாறும்போது கலியமூர்த்தி விட்டுப்போன வெட்டின் ஓரத்தில் எப்போதும் வெட்டாத விளிம்பு ஒன்று உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டு முடியும் இடத்தில் சக்கரத்தைச் சற்றே மேலே தூக்கிவிடுவார். நிலக்கரிச் சுரங்கத்தில் ஓரமாகக் களிமண் இருக்கும். அது கரியில் கலக்காமல் இருக்க அங்கே எல்லோரும் அப்படித் தூக்குவார்கள். கோமளா வாரம் ஒருமுறையாவது அதைச் சொல்லிக் கிண்டல் செய்வாள்.

"இங்க ஏதுண்ணே களிமண்ணு?"

"இருந்தா?"

"நிலாவுலயா?"

"கை கேக்க மாட்டேங்குதும்மா."

ஆயுத பூஜைக்கு இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்று முதல் குழு கேட்டு வாங்கியிருந்தது. கம்பெனியின் வேறு எந்தத் தளத்துக்கும் அந்த விடுமுறை இல்லை.

சின்னக் கூண்டில் பொரியும் கடலையும் வந்திருந்தன. குங்குமம் ஒரு மாத்திரை டப்பாவில் இருந்தது. பூசணிக்காய் இல்லை. எலுமிச்சம்பழமும் இல்லை.

"ஊறுகாய் இருக்குது" என்றார் கலியமூர்த்தி.

"ஊறுகாய நசுக்கினா கணக்குல வருமா?"

"எலுமிச்சைதான? உப்பு போட்டா சாமிக்குப் புடிக்காதா?"

ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை வெளியே கொண்டுபோய் இயந்திரத்தின் சங்கிலித் தடத்துக்கு அடியில் வைத்தார்கள். அதற்குள் அது கல்லாக உறைந்திருந்தது. கலியமூர்த்தி இயந்திரத்தை ஓர் அடி முன்னால் நகர்த்தினார். ஊறுகாய் கண்ணாடிபோல் உடைந்து நாலா பக்கமும் பறந்தது. கோமளா வயிறு வலிக்கச் சிரித்தாள். வெகு நாட்களுக்குப் பிறகு.

பிறகு இருவரும் ஓட்டுநர் அறைக்கு ஏறி, காற்றை நிரப்பி, தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். கலியமூர்த்தி லீவருக்கு மேலே குங்குமம் வைத்தார். கையைக் கூப்பினார். வாய்விட்டு வேண்டினார்.

"ஆத்தா, இன்னும் பத்து வருஷம் ஒரு கொறையும் இல்லாம ஓடணும்."

கோமளா கூப்பிய கையை இறக்கினாள்.

"என்னாண்ணே வேண்டுறீங்க?"

"எல்லாரும் வேண்டுறதுதான்."

"பத்து வருஷமா?"

அவர் திரும்பவில்லை. "மெஷின் முன்னாடி வேற என்னாத்த சொல்றது? செத்துப் போன்னா சொல்ல முடியும்?"

"சும்மா நின்னிருக்கலாமே." அவள் குரல் உயர்ந்தது. "நீங்க போவ முடியாது. அதனால நானும் போவக் கூடாது. அதான? மெல்ல மெல்ல தடவி ஓட்டி, என்னையும் கோட்டுக்குக் கீழ இறக்கிடணும்."

அறையில் இடைவெளி இல்லை. சொன்னது உடனே போய்ச் சேர்ந்தது.

கலியமூர்த்தி பொரிப் பொட்டலத்தைப் பிரித்தார். "பொரி சாப்புடு" என்றார்.

அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நிலையத்துக்குத் திரும்ப மனமில்லை. இயந்திரத்தின் பின்பக்கம் நடந்தாள். அங்கே யாரும் போவதில்லை. இயந்திரம் முன்னால் வெட்டிக்கொண்டே போகும். பக்கவாட்டில் ஒரு சுவர் மிஞ்சும். விளக்கெல்லாம் முன்னால்தான். கைவிளக்கை எரியவிட்டு அந்தச் சுவரை ஒட்டி நடந்தாள்.

அவர் தடவி ஓட்டியது அங்கே தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய் இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

சுவரில் வெட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. ஷிப்டுக்கு ஒரு பட்டை. ஒன்று ஆழம் குறைந்தது. அடுத்தது ஆழமானது. மறுபடி குறைந்தது. மறுபடி ஆழம். வெளிச்சம் போன தூரம் வரை அப்படியே போயிற்று.

தான் சீவுவதாக நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறோமா என்று முதலில் நினைத்தாள். ஆழமான பட்டை ஒன்றுக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. ஓரத்தைத் தடவினாள்.

உதடு இருந்தது.

அடுத்த ஆழமான பட்டையிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும்.

ஆழம் குறைந்த பட்டைகளின் ஓரம் நேராக, சுத்தமாக இருந்தது. அவை அவளுடையவை.

அவள் திரும்பி வந்தபோது கலியமூர்த்தி நிலையத்துச் சாப்பாட்டு மேசையில் இருந்தார். பொரியில் கடலையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"என்னாது?"

"ஆழம்."

அவர் ஒரு கடலையை வாயில் போட்டு மென்றார். "மொத தடவ உன் எலும்பு ரிப்போர்ட் வந்திச்சில்ல. அன்னையிலேர்ந்து."

"நான் மெல்ல ஓட்டிக்கிட்டிருந்தேன். உங்களுக்காக."

"தெரியும். தோசைய சொரண்டுற மாதிரி ஓட்டுற. பாத்தா தெரியாதா?"

அவள் எதிரே உட்கார்ந்தாள். "அப்ப நீங்க அழுத்தினதும் நான் வுட்டதும் சரிக்குச் சரியா போயிடுச்சா?"

"போவல. பேரிங் சராசரி பாக்காது." அவர் ஒரு பக்கம் ஒரு கடலை வைத்தார். மறுபக்கம் ஒன்று வைத்தார். "நான் ஒரு நாள் ரெண்டு மடங்கு சுமை குடுத்தா அதுக்கு எட்டு நாள் வயசு ஏறுது. மறுநாள் நீ பாதிச் சுமையில ஓட்டுற. அன்னைக்கு வயசு அதிகம் ஏறாது, அவ்வளவுதான். முந்தின நாளு ஏறின வயசு எறங்காது. நல்ல நாளு வந்து கெட்ட நாள அழிக்காது."

"அது போவும்போது நீங்க உள்ள இருப்பீங்க."

"மொதல்ல முனகும். கிரீஸ்ல பொடி வரும். சொல்லிட்டுத்தான் போவும்."

"சொல்லாமயும் போவும்."

"போவும்."

"நான் அழுத்துறேன். நீங்க மெல்ல ஓட்டுங்க."

கலியமூர்த்தி சிரித்தார். "நீ இருக்கும்போது வுழுந்தா கலம் வரும், ஏறிப் போக நீ இருக்க மாட்ட. நான் இருக்கும்போது வுழுந்தா கலம் வரும், நீ இருப்ப. இதுல யோசிக்க என்னா இருக்குது?"

கடைசியில் கேட்டாள். "அப்ப ஏன் பத்து வருஷம் வேண்டினீங்க?"

அவர் கடலையை விட்டுவிட்டார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை உன்ன அனுப்பப் பாக்குது. வாய் அதுபாட்டுக்கு வேற ஒண்ணு கேக்குது. என்னா பண்றது. நீ போயிட்டா களிமண்ணு ஏதுன்னு இங்க யாரு கேப்பா?"

மறுநாள் கோமளா இருக்கையில் உட்கார்ந்தாள். லீவரைப் பிடித்தாள். குங்குமம் இருந்தது. சக்கரத்தை இறக்கினாள். எப்போதும் போல மேலோட்டமாகச் சீவினாள்.

அதுதான் அவள் சொன்ன சம்மதம்.

அதன் பிறகு அவருடைய ஷிப்டுகளில் அவளால் படுக்க முடியவில்லை. நிலையத்தின் தரைத்தகட்டில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பாள். இயந்திரத்தின் அதிர்வு நிலத்தின் வழியாக வரும். ஆழமாகப் புதைந்து, மெல்ல, மெல்ல. அது மாறுகிறதா என்று கவனிப்பாள். மாறக் கூடாது என்று நினைப்பாள். மாறினால் வீடு என்றும் நினைப்பாள். இரண்டும் ஒரே உள்ளங்கையில்.

குணாளன் "போச்சா?" என்றபோது அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

"ஏங்க. அண்ணன் எனக்காக அழுத்தி ஓட்டுறாரு."

எல்லாவற்றையும் சொன்னாள். பேரிங், கை விழுவது, யார் உள்ளே இருந்தால் யாருக்குக் கலம் என்ற கணக்கு. அவள் சொல்லி முடித்தபோது அவன் முகம் முந்தைய வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

"நிறுத்தச் சொல்லு" என்றான்.

அவள் பதில் சொல்லவில்லை. அவள் சொல்லாதது அவனுக்குப் போய்ச் சேரும் முன்பே அவன் மறுபடி பேசினான்.

"சொல்லாத."

பஸ் ஓட்டிப் பழகிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியல கோமு."

கிரீஸில் இரும்புப் பொடி வந்தது. விரலில் தேய்த்தால் மினுங்கியது. கம்பெனிக்குச் சொன்னார்கள். நிற்கும் வரை ஓட்டுங்கள், நின்ற பிறகுதான் கலம் என்று பதில் வந்தது.

"இனிமே உன் ஷிப்டையும் நான் பாத்துக்குறேன்" என்றார் கலியமூர்த்தி. "கால் வலின்னு எழுதிடு."

"முடியாது."

"கோமளா."

"இதையும் வாங்கிக்க முடியாதுண்ணே. ஏற்கெனவே வாங்கினதே அதிகம்."

அவர் கிரீஸ் படிந்த விரலைத் துடைத்துக்கொண்டார்.

அது அவளுடைய ஷிப்டில் போயிற்று. மேலோட்டமாக, தோசையைச் சுரண்டுவதுபோல் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சாதாரண வெட்டின் நடுவில். வெளியே காற்றில்லாததால் சத்தம் இல்லை. இருக்கை வழியாக முதுகெலும்பில் ஒரு முறிவு ஏறி வந்தது. விளக்கின் வட்டம் சுவரிலிருந்து கீழே வழுக்கியது. கை இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். அவள் லீவரை விட்டுவிட்டு எதையும் பிடிக்காமல் இருந்தாள். குணாளனை நினைக்க நேரம் இருந்தது. அவன் கையை நினைத்தாள்.

கை ஒரு முழம் இறங்கி, சிக்கி, நின்றது.

"கோமளா! ஏ கோமளா!" ரேடியோவில் கலியமூர்த்தியின் குரல்.

"இருக்கேண்ணே."

"எதையும் ஆட்டாத. கவசத்த மாட்டிக்கிட்டு அப்படியே இரு."

அவர் ஓடி வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அந்த எலும்பை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. துள்ளித் துள்ளி, விழுந்து, எழுந்து ஓடிவந்தார். ஏணியில் ஏறி, கதவைத் திறந்து, அவளை இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார். தரையில் கால் பட்ட பிறகும் விடவில்லை.

"உன் ஷிப்ட்லயா போவணும் சனியன். இத்தினி நாள் நான் கெடந்து அழுத்துறேன். உன் ஷிப்ட்லயா."

"அதுக்கு யாரு என்னான்னு தெரியாதுல்லண்ணே" என்றாள் கோமளா.

வீட்டுக்கு அழைத்தாள். குணாளன் கேட்கவில்லை. இந்த முறை அவள்தான் சொன்னாள்.

"போச்சு."

இடைவெளி. அவன் போனை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். தெருவில் யாரிடமோ கத்துவது கேட்டது. காலியான நாற்காலியை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கலம் வருவதற்குள் அவள் எலும்பு இன்னும் இறங்கியது. டாக்டர் ரெஜினா படத்தை நெடுநேரம் பார்த்தார். "கோட்டுக்கு மேல ஒரு நூல் இருக்கு" என்றார். கையெழுத்துப் போட்டார்.

கலத்தில் புது பேரிங்கும் மாசிலாமணியும் வந்தார்கள். மாசிலாமணிக்கு முப்பது வயது இருக்கும். இறங்கியதும் மேலே மேலே குதித்துப் பார்த்தான். பேரிங்கைப் பற்றி அவனுக்கு ஒரே பெருமை.

"புது டிசைன்க்கா. பழசவிட கால்வாசி அதிகம் தாங்குமாம்."

கால்வாசி அதிகம் தாங்கினால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோமளாவும் கலியமூர்த்தியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு வருஷம்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அதே மூணு வருஷம்தான்க்கா. வீட்டுக்காரிக்கு அஞ்சு மாசம். மூணு வயசுல வந்து பாத்துக்குறேன், அதுக்கு முன்னாடி அது என்னா பண்ணப் போவுது, வெறும் அழுகதான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." சிரித்தான். "மூணு வருஷம்தான அண்ணே?"

"ஆமாய்யா" என்றார் கலியமூர்த்தி. "மூணு வருஷம்."

கோமளா தன் ரப்பர்ப் பட்டையைக் கழற்றி மாசிலாமணியிடம் கொடுத்தாள். "உங்களுக்கு ஒண்ணு குடுத்திருப்பாங்க. இதையும் வச்சிக்கங்க தம்பி. தூங்கும்போதும் கழட்டாதீங்க. இறுக்குதுன்னு வுட்டுடாதீங்க."

பேரிங்கை ஏற்றி முடிக்க மூவருக்கும் சில நாள் பிடித்தது. புறப்படும் அன்று கலியமூர்த்தி கலத்தின் ஏணி வரை வந்தார். ஏணியில் கை வைக்கவில்லை.

"அஞ்சலாட்சிய ஒரு தடவ போய்ப் பாரு."

"மொத வெள்ளிக்கிழமையே போறேன்."

"அவ சமைக்கும்போது கிட்டப் போய் நில்லு. எனக்குச் சத்தம் வருது. வாசனை வரல. எப்படி இருந்திச்சின்னு சொல்லு."

"சொல்றேண்ணே."

"உள்ளது உள்ளபடி சொல்லணும். உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லு."

அவர் சீக்கிரம் திரும்பி நடந்தார். அன்று அவருடைய ஷிப்ட். புது பேரிங்கின் முதல் வெட்டு.

கலத்தின் இருக்கையில் அவளைக் கட்டினார்கள். பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல். பள்ளத்தின் அடியில் இயந்திரத்தின் விளக்குகள் எரிந்தன. மேல்பாதி சுழலத் தொடங்கியது. நல்ல பேரிங். திணறல் இல்லாமல், தண்ணீர் போலச் சுழன்றது.

புதிய பேரிங்கை முதலில் மெல்ல ஓட்ட வேண்டும். உள்ளே இருக்கும் குண்டுகள் தங்கள் தடத்தில் பழகும் வரை சுமை கொடுக்கக் கூடாது. பாலிடெக்னிக்கில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். சுரங்கத்தில் அதற்கு முன்பே சொல்லித் தருவார்கள்.

வாளிச் சக்கரம் சுவரை நெருங்கியது. தொட்டது. நிற்கவில்லை. உள்ளே போயிற்று. பாதிக்கு மேல் புதைந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது.

அவள் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சக்கரம் வெட்டின் ஓரத்துக்கு வந்தது. முடியும் இடத்தில் சற்றே மேலே தூக்கியது.

கலம் கிளம்பியது. நெஞ்சின் மேல் எடை வந்து படுத்தது. மூச்சு முட்டியது. அவள் அதைத் தள்ளவில்லை.